மூன்றாவது பித்தான்

“சாமி, சட்டைப் பித்தான் நீங்களே போட்டீங்களா? ஒண்ணு மாறிப்போச்சு. பரவாயில்ல கேட்டோ, முயற்சிதான் முக்கியம்!”

தெரபிஸ்ட் அஜிதா மலையாளம் கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தபடி, ராமசுப்பு வாத்தியாரின் இரண்டு மணிக்கட்டிலும் இருந்த பட்டைகளைக் கழற்றினாள். வாத்தியார் குனிந்து பார்த்தார். மூன்றாவது பித்தான் நாலாவது துளையில் போய் உட்கார்ந்திருந்தது.

போட்டுவிட்டது அவர் இல்லை, அவர் மனைவி பத்மஜா. காலையில் ஐந்து பித்தானுக்குப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள். “ஒரு சட்டை போட்டுவிட இவ்வளவு நாழியாடி? ஆட்டோக்காரன் நிக்கறான்!” என்று இவர் எரிந்து விழுந்திருந்தார்.

“ஆமாம்மா, நானேதான்” என்றார் வாத்தியார். ஏற்கெனவே சொன்ன பொய் போதாதென்று இது வேறு. பக்கத்து நாற்காலியில் பத்மஜா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு மாதத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கால் தேறிவிட்டது, வாயும் தேறிவிட்டது. வலது கைதான் வருவேனா என்றது. இடது கையால் அட்சதை போடுகிற வாத்தியாரைக் கரமனை அக்ரஹாரத்தில் யார் கூப்பிடுவார்கள்? அன்றிலிருந்து ஒரு ஹோமம் கிடையாது, ஒரு சிராத்தம் கிடையாது.

பக்கவாதக்காரர்களுக்கும், எம்.எஸ். என்கிற நரம்பு வியாதி வந்தவர்களுக்கும் கையைத் திரும்பப் பழக்கும் ஆராய்ச்சி இந்த மையத்தில் நடக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடிவந்து சேர்ந்தார். வாட்ச் மாதிரி பட்டையை இரண்டு கையிலும் இரண்டு வாரம் கட்டிக்கொள்ள வேண்டும். எந்தக் கை எவ்வளவு அசைகிறது என்று அது எண்ணிவிடும். தேறுகிற கைக்கு மட்டும் அடுத்த கட்டத்தில் கையுறை மெஷினில் பயிற்சி.

முதல் தடவை, இடது கை நூறு தரம் அசைந்தால் அவருடைய வலது கை இருபதுதான் அசைந்தது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? வீட்டுக்குப் போனதும் இரண்டு பட்டையையும் பத்மஜாவின் கைகளில் கட்டிவிட்டார்.

“ஏன்னா, இது பொய்யில்லையோ?”

“நீ சும்மா இரு. நாள் பூரா அரைக்கறே, பெருக்கறே, தேய்க்கறே. அது போறும்.”

ஊருக்கெல்லாம் சங்கல்பம் பண்ணிவைக்கிற வாய்! பதினாலு நாள் அவள் கட்டிக்கொண்டிருந்தாள். இன்று காலை கழற்றித் தன் கையில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அஜிதா பட்டைகளைக் கம்ப்யூட்டரில் செருகினாள். இரண்டு கையும் சமம் என்று காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று நேற்று ராத்திரிதான் வாத்தியாருக்கு உறைத்திருந்தது.

“அறுபது!” என்றாள் அஜிதா. “இருபதிலிருந்து அறுபது, சாமி! அடுத்த கட்டத்துக்கு உங்க பேரைப் போட்டாச்சு.”

அறுபதா! நம்புகிற மாதிரி ஓர் எண். அப்பாடா, பத்மநாபசுவாமி கைவிடவில்லை என்று நினைத்தார். நினைத்த மறுநிமிஷமே, இந்தத் திருட்டுத்தனத்தில் பகவானையும் கூட்டுச் சேர்த்தோமே என்று கூசிப்போனார்.

“ஆனா ஒரு சம்சயம்” என்று அஜிதா திரையில் விரலை வைத்தாள். “காலையில வலது கை நல்லாத்தான் வேலை செய்யுது. பதினோரு மணி ஆச்சுன்னா, சூடு ஏற ஏறத் தளர்ந்துபோகுது. ரெண்டாவது வாரம் இன்னும் மோசம். ஸ்ட்ரோக் வந்த கை சாதாரணமா இப்படிச் செய்யாது. எங்க எம்.எஸ். ஆளுங்ககிட்டதான் இதைப் பார்த்திருக்கேன்.”

“எனக்கா?”

“அதுதான்னு நான் சொல்லல. ஆனா நியூரோ டாக்டர் ஒருதரம் பார்க்கணும். அதுவா இருந்தா சீக்கிரம் மருந்து தொடங்கணும், அல்லே? நாளைக்கே வாங்க.”

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு மணிக்குத் தனக்கேது சூடு? அந்த நேரத்தில் அவர் ஃபேனுக்கு அடியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அடுப்படியில் நிற்பது…

பட்டை பதினாலு நாளும் பத்மஜா கையிலல்லவா இருந்தது!

திரும்பிப் பார்த்தார். பத்மஜா தன் வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்திருந்தாள். எத்தனை நாளாக அப்படி வைத்துக்கொள்கிறாள்? அவருக்குத் தெரியாது. ஏழு மாதமாக அந்த வீட்டில் ஒரே ஒரு கையைப் பற்றித்தான் பேச்சு.

குனிந்து மறுபடியும் அந்தப் பித்தானைப் பார்த்தார். பத்து நிமிஷம் அந்த விரல்கள் இதோடு போராடியிருக்கின்றன, அவரோ நின்று கத்தியிருக்கிறார். வெட்கத்தில் அவருக்குத் தலை நிமிரவில்லை.

“சாமி, பயப்படாதீங்க, கையுறை மெஷின் உங்களுக்குத்தான்.”

“சரின்னு சொல்லிடுங்கோளேன்” என்று பத்மஜா மெல்ல அவர் முழங்கையைத் தொட்டாள். “உங்க கை சரியானாப் போறும்.”

வாத்தியார் அவளுடைய வலது கையைத் தன் இடது கையால் எடுத்து அஜிதாவின் மேஜைமேல் வைத்தார்.

“என் பேரை அடிச்சுடும்மா. அந்த அறுபது இவ கை.”