கூரம் போக நாலு பஞ்சர்

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சண்டைக்குத் தயாராக நின்றாள் சசிரேகா. மாகறல் பஞ்சர் கடை வாசலில் சைக்கிள் தலைகீழாக நின்றது. காலையில் உத்திரமேரூரில் கிளம்பியதிலிருந்து இது மூன்றாவது பஞ்சர்.

“பஸ்ல போயிருந்தா இந்நேரம் எங்க அம்மா வூட்ல நாஷ்டா துன்னுட்டு ஒரு தூக்கமும் போட்டிருப்பேன். நாப்பது கிலோமீட்டர் சைக்கிள்ல டபுள்ஸ் போலாம்னு யாராச்சும் சொல்வாங்களா?”

சொன்னவன் அவள் புருஷன் கலைச்செல்வன். கல்யாணமாகி இருபத்தாறு நாள்தான் ஆகிறது. நாளை ஆடி பிறக்கிறது என்பதால், புதுப்பெண்ணைக் கூரத்தில் அவள் தாய் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். மத்தியானம் அங்கே விருந்து. சாப்பிட்டுக் கை கழுவியதும் மாப்பிள்ளை மட்டும் நடையைக் கட்ட வேண்டும். அப்புறம் ஒரு மாதத்துக்கு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.

ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அது குடும்பத்துக்கு ஆகாது என்று யாரோ எந்தக் காலத்திலோ சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். சொன்னவருக்கு நிச்சயம் கல்யாணமாகி இருபது வருஷமாவது ஆகியிருக்கும்.

பஸ் என்றால் ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிடும். சைக்கிள் என்றால் அரை நாள் பின்னால் உட்கார்ந்து வருவாள், ஏதாவது பேசிக்கொண்டே வருவாள் என்று நினைத்துத்தான் கலைச்செல்வன் இந்த யோசனையைச் சொன்னான். அவளும் பேசினாள். ஏரிக்கரை தாண்டியதிலிருந்து திட்டு நிற்கவில்லை.

கடைக்காரர் சுப்ரமணி டியூபைத் தண்ணீரில் முக்கினார். குமிழி வந்த இடத்தைப் பார்த்துவிட்டு, டயருக்குள் விரலை விட்டுத் தடவினார்.

“ஆணியும் இல்ல, முள்ளும் இல்ல. டயரு காயிதமாட்டம் தேஞ்சி கீது, அது வேற. ஆனா இது யாரோ வேணும்னே குத்தின மாரி கீதுப்பா.”

சசிரேகா மெல்லத் திரும்பினாள். “நீங்கதானா?”

“எங்க அம்மா மேல சத்தியமா நான் இல்ல.”

“பின்ன யாரு? என்னக் கொண்டாந்து வுட மனசு இல்லாதது உங்களுக்குத்தான?”

மனசு இல்லாதது உண்மைதான். சுப்ரமணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நாளைக்கு ஆடி இல்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒட்டுப் போட்டார்.

பாலாற்றுப் பாலத்தில் காற்று பின்னாலிருந்து அடித்தது. இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்த முந்தானை அவன் முகத்தை மூட, சைக்கிள் தடுமாறி நடுரோட்டுக்குப் போனது. எதிரே வந்த லாரிக்காரர் இரண்டு பேருடைய பரம்பரையையும் விசாரித்துவிட்டுப் போனார்.

இறங்கி ஓரமாக நின்றார்கள். காலையிலிருந்து கேட்க நினைத்ததை அவன் அங்கேதான் கேட்டான்.

“ஒரு மாசம் என்ன வுட்டுட்டு இருக்கப் போறியே, உனக்கு ஒண்ணுமே இல்லியா?”

“இன்னா இருக்கு? எங்க வூட்ல ஃபேனு நல்லா சுத்தும். உங்க வூட்ல அது சும்மா தொங்கிக்கினு கீது.”

பெண்டாட்டியிடம் ஃபேனோடு போட்டி போட்டுத் தோற்ற முதல் ஆம்பளை தான்தான் என்று நினைத்துக்கொண்டே கலைச்செல்வன் மிதித்தான்.

ஓரிக்கையில் அவளுக்குத் தாகம் எடுத்தது. அவன் கரும்புச்சாறு வாங்கி வருவதற்குள் பின் டயர் நாலாவது முறையாகத் தரையோடு உட்கார்ந்திருந்தது. பஞ்சர் கடையைத் தேடித் தள்ளிக்கொண்டு போனால், கடைக்காரர் சாப்பிடப் போனவர், நாலு மணிக்குத்தான் வருவார் என்றார்கள். அவர் வரும்வரை, “எங்க அம்மா காத்துக்கினு கீதுங்க” என்று அவள் நூறு முறை சொல்லியிருப்பாள்.

கூரம் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். விருந்துக்கு வைத்த கோழிக்குழம்பை மூன்று முறை சூடு பண்ணியாகிவிட்டது. கலைச்செல்வன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

“நான் கெளம்பறேன் மாமா. அவளக் கொண்டாந்து வுட்டாச்சி.”

மாமனார் சடையப்பன் வானத்தைப் பார்த்தார். “பொழுது போன நேரத்துல எங்க போவீங்க மாப்ள? ஆடி காலைலதான் பொறக்குது. இன்னிக்கு ராவு இங்கியே தங்கிட்டு விடியறதுக்கு முன்ன கெளம்புங்க.”

அதற்குள் சொம்பில் தண்ணீரோடு வந்த மாமியார் தாயாரம்மாள், மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இன்னாடி கோலம் இது, முந்தானய இடுப்புல சொருவிக்கினு? தோள்ல மாட்டிக்க ஒரு ஊக்கு கூடவா இல்ல?”

சசிரேகா அம்மாவைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தபடியே சொன்னாள்:

“நாலு வாட்டி டயர்ல குத்தினதுல வளைஞ்சி பூடுச்சிம்மா.”