ஒன்று ஐந்துக்கு வெளுக்கும் வானம்

அவள் மாடியில் காற்றை அளக்கும் கருவியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது எதிர் மாடிக்கு எல்லம்மா வாளியோடு வந்தார்.

"இன்னிக்கி சீக்கிரமே வெளுத்துடுச்சு," என்றார் வானத்தைப் பார்த்து.

மணி ஒன்று ஐந்து.

அவள் துடைப்பதை நிறுத்தினாள்.

தெரு முழுக்க மாடிகளில் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து வெயில் கொளுத்துகிறது. ஒருத்தரும் ஒரு கைக்குட்டையைக்கூட வெளியே போட்டிருக்கவில்லை. இப்போது பத்தே நிமிடத்தில் எல்லாக் கொடிகளும் நிறைந்துவிட்டன.

தெருக்கோடியில் உருக்காலையின் புகைபோக்கி. அதில் நூல் அளவு புகைகூட இல்லை.

"நேத்து எப்பக்கா வெளுத்துச்சு?"

"நேத்து லேட்டு. ஒன்னரை கிட்ட ஆயிடுச்சு. ஒருநாள் போல ஒருநாள் இருக்காதும்மா. புகையப் பாத்துதான் துணி போடுவோம். ஒரு மணி நேரந்தான் விடுவான். அதுக்கு மேல போட்டா எல்லாம் கரிதான்."

அவள் கீழே ஓடினாள்.

கூடத்துச் சுவரில் அவளே ஒட்டிவைத்த அட்டவணை. ஓசோனையும் காற்றில் மிதக்கும் தூசியையும் மேலிருந்து அளக்கும் செயற்கைக்கோள், தினமும் மதியம் ஒருமுறை இந்த ஊரைக் கடக்கிறது. கடக்கும் நேரம் நாளுக்கு நாள் கொஞ்சம் நகரும்.

நேற்று, ஒன்று நாற்பத்தைந்து.

இன்று, ஒன்று இருபத்தைந்து.

அட்டவணை ஒன்றும் ரகசியமில்லை. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆலைக்காரர்களும் பார்த்திருக்கிறார்கள். புகை வடிகட்டியை நாள் முழுக்க ஓட்டினால் மின்சாரம் தின்னும். மேலே கண் திறந்திருக்கும் நேரத்துக்கு மட்டும் ஓட்டினால் போதும்.

அவள் மாடியில் இருப்பது கீழிருந்து அளக்கும் கருவி. மேலே இருப்பது சொல்வது சரியா என்று பார்ப்பதற்காக வைத்தது. விடிந்தது முதல் பொழுது சாயும்வரை சூரியனோடு சேர்ந்து திரும்பிக்கொண்டே, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும். ஆனால் அவள் அனுப்பவேண்டியது, செயற்கைக்கோள் கடக்கும் அந்த ஒரு மணி நேரத்து அளவுகளை மட்டும். மற்றவை கணினியில் கிடக்கும். யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அவளும் பார்த்ததில்லை.

பதினொரு மாதம். மேலிருந்து வந்த எண்ணும் கீழிருந்து போன எண்ணும் அச்சாகப் பொருந்தின. பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதை அம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினாள்.

இன்று, கடந்த நாட்களின் மற்ற மணிகளைத் திறந்தாள். காலை எட்டு. பத்து. மதியம் மூன்று. ஐந்து.

எல்லாவற்றிலும் எண், அவள் அனுப்பியதைவிடப் பல மடங்கு. கூசியது. பதினொரு மாதமாக ஒரு பொய்க்குச் சாட்சி சொல்லியிருக்கிறாள், சம்பளம் வாங்கிக்கொண்டு.

தெருவுக்கே தெரிந்த விஷயம். அவள் துணியை மாடியில் உலர்த்தியிருந்தால் முதல் வாரமே அவளுக்கும் தெரிந்திருக்கும். கருவி மேல் நிழல் விழுமென்று மாடியில் கொடி கட்டக்கூடாது என்பது விதி. கூடத்துக்குள்ளேயே மின்விசிறிக்குக் கீழே உலர்த்திக்கொண்டு இத்தனை நாள் சமர்த்தாக இருந்துவிட்டாள்.

சென்னையில் இருக்கும் திட்ட இயக்குநர் தணிகாசலத்துக்குப் போன் போட்டாள். நாளை காலை ஆலையின் இரண்டாவது புகைபோக்கிக்காகக் கலெக்டர் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டம். ஊர்க் காற்று சுத்தம் என்று அங்கே அவர் காட்டப்போவது அவள் அனுப்பிய எண்களைத்தான்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சாப்பாட்டு நேரத்துல உலையக் கொஞ்சம் தணிச்சிருப்பாங்கம்மா."

"சாப்பாட்டு நேரம் தினம் நகராது சார்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மத்த மணியெல்லாம் நம்ம வேலை இல்ல. கேட்டத மட்டும் குடுங்க. இந்த மாசக் கடைசியில உங்க கான்ட்ராக்ட் என் டேபிளுக்குத்தான் வரும்."

"சரிங்க சார்."

போனை வைத்தாள். கணினி முன்னால் உட்கார்ந்தாள். பதினொரு மாதத்தின் எல்லா மணிகளையும் சேர்த்தாள். பக்கத்திலேயே அந்த அட்டவணையையும் வைத்தாள். கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பினாள். தணிகாசலத்துக்கும் ஒரு நகல். கீழே தன் பெயரை முழுதாக, அப்பா பெயரோடு அடித்தாள்.

 

ஆனால் எண்கள் போதுமா? எண்ணை எண்ணால் மறைக்கத் தெரிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

பெட்டியைத் திறந்து வெள்ளைப் புடவையை எடுத்தாள். பட்டமளிப்பு விழாவுக்கு வாங்கியது. ஒரே ஒருமுறை கட்டியது.

மணி இரண்டு ஐந்து. மாடிகளில் பெண்கள் அவசர அவசரமாகத் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். புகைபோக்கியின் வாய் கறுக்கத் தொடங்கியிருந்தது.

அவள் வடக்கு மூலையில், கருவியின் மேல் நிழல் விழாத இடமாகப் பார்த்து, கொடி கட்டினாள். புடவையை நனைத்துப் பிழிந்து விரித்துப் போட்டாள்.

"ஏம்மா, உனக்கு என்ன ஆச்சு?" எல்லம்மா கைப்பிடிச் சுவர்வரை வந்துவிட்டார். "நேரம் முடிஞ்சுபோச்சு. பாழாப் போயிடும், எடு."

"பாழாகட்டும்க்கா. நாளைக்கு கலெக்டர் கூட்டத்துக்கு இதத்தான் கட்டிக்கிட்டுப் போறேன்."

எல்லம்மா புடவையைப் பார்த்தார். புகைபோக்கியைப் பார்த்தார். மடித்த துணிகளை இடுப்பில் அணைத்தபடி படியிறங்கிப் போய்விட்டார்.

அவள் மறுபடி கண்ணாடியைத் துடைக்க உட்கார்ந்தாள். முதல் கரித்துகள் புடவையின் ஓரத்தில் வந்து ஒட்டியது.

எதிர் மாடிக் கதவு திறந்தது.

எல்லம்மா கையில் ஒரு வெள்ளை வேட்டி. கொஞ்சம் முன்னால்தான் காய்ந்து மடித்து எடுத்துப் போனது. அதைப் பிரித்து, ஒருமுறை உதறி, மறுபடியும் கொடியில் போட்டார்.

பிறகு பக்கத்து மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.