பிளெக்ஸ் வேணாம்

பந்தல் போடும் ராம்கிக்குத் தலை சுற்றியது. எதைக் கேட்டாலும் ஆனிமேரி டீச்சர் வேண்டாம் என்றார்.

"பிளெக்ஸ் வேணாம் ராம்கி."

"சரி டீச்சர். வெடி?"

"அதுவும் வேணாம். தண்ணிக்கு பிளாஸ்டிக் பாட்டில் வாங்காத. பானையும் எவர்சில்வர் டம்ளரும் வை. மாலையெல்லாம் வாழைநாருல கட்டினதா இருக்கணும். நம்மால தெருவுல ஒரு குப்பை விழக் கூடாது."

இம்புட்டு யோசித்து விசேஷம் நடத்துகிற மனுஷியை ராம்கி தல்லாகுளத்தில் கண்டதே இல்லை. துபாயிலிருந்து மகன் ஆன்சன் வருகிறான் என்று கேள்விப்பட்டதும், கல்யாணம்தான் என்று முடிவு கட்டியிருந்தான்.

"பொண்ணு எந்த ஊரு டீச்சர்?"

"எந்தப் பொண்ணு?"

"ஆன்சன் கல்யாணத்துக்குத்தானே பந்தல்? தேதியைச் சொல்லுங்க, வேற வேலை ஒத்துக்காம இருக்கேன்."

டீச்சர் சிரித்துவிட்டார். "தேதி எனக்கே தெரியாதுப்பா. கிறிஸ்துமஸைத் தாண்டுறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

ராம்கி பதறி எழுந்து நின்றான்.

"உக்காரு. நான் கண்ணை மூடினதும், பாசத்துல ஆன்சன் தெரு முழுக்க என் படத்தை பிளெக்ஸ் அடிச்சு வச்சிருவான். அப்ப எந்திரிச்சு வந்து என்னால கழட்ட முடியாதுல்ல?"