பேசாத குரல்மணி

நாற்பத்தொரு நாட்களாக ராசப்பன் தன் முன்கையில், தோலுக்கடியில் இருந்த உருண்டையை அழுத்திக்கொண்டிருந்தார். அது இறந்துபோன மனைவியின் குரல்மணி, அழுத்தினால் அவள் பேசுவாள் என்று நம்பினார். சாவன்று ஊசி போட்டு அவரைத் தூங்கவைத்திருந்தபோது வைத்துவிட்டார்கள் என்று மகள் மேகலை சொல்லியிருந்தாள்.

"பேசவே மாட்டேங்கிறா டாக்டர். என்மேல கோவமோ என்னமோ."

டாக்டர் விரலால் தள்ளிப் பார்த்தார். உருண்டை வலிக்காமல் வழுக்கி நகர்ந்தது.

"இது வெறும் கொழுப்புக்கட்டிங்க ஐயா. ஒண்ணும் பண்ணாது. எடுக்கவே வேணாம்."

"அப்ப மணி எங்க?"

வெளியே காத்திருந்தவர்களின் கைகளில் இருந்த குரல்மணிகளிலிருந்து, இறந்துபோன யார் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேகலை அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

"வைக்கவே இல்லப்பா. குரல் எடுக்க வந்தவங்ககிட்ட, உங்களுக்குக் கொடுக்க வேணாம்னு அம்மாவே எழுதிக் கொடுத்துட்டாங்க."