துண்டுக்கு அடியில் ஆட்டம்

ஜன்னல் வெயில் சதுரங்கப் பலகையின் பாதியில் விழுந்து, காய்களின் நிழலை மேசை விளிம்புவரை இழுத்திருக்கிறது. அப்பாவும் தம்பியும் ஆடுகிறார்கள். அக்கா சுவரைப் பார்த்தபடி பட்டாணி உரிக்கிறாள். காய் நகர்த்த யோசித்தாலே அவளுக்கு வலிப்பு வருகிறது என்று மருத்துவர் சொன்னதிலிருந்து அவள் நாற்காலி தம்பிக்குப் போய்விட்டது. அவளிடம் ஒரு தடவைகூட ஜெயிக்காதவன். “அப்பா, உங்க ராணி காலி! ராஜாவுக்கும் செக்!” என்று கூவுகிறான். அவள் தன்னை மறந்து திரும்புகிறாள். “அந்தப் பக்கம் திரும்புடி,” என்கிறாள் அம்மா. “சும்மா பாக்கத்தானேம்மா செய்றேன்.” “நீ சும்மா பாக்குற லட்சணம் எனக்குத் தெரியாதா?” தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து அம்மா பலகையை அப்படியே மூடுகிறாள். துணிக்கடியில் காய்களின் தலைகள் புடைத்து நிற்கின்றன. “நான் ஜெயிக்கும்போதுதான் உங்களுக்குத் துண்டு ஞாபகம் வரும்,” என்று தம்பி முனகுகிறான். “ஆட்டம் முடிஞ்சுதும்மா. இனி நிம்மதியா இரு,” என்கிறார் அப்பா அக்காவிடம். மூவருக்கும் மூச்சு சீராகிறது. அவள் மறுபடி சுவரைப் பார்க்கிறாள். வெள்ளைச் சுவரில் அத்தனை காய்களும் அதனதன் கட்டத்தில் நிற்கின்றன. மூட அங்கே துண்டு இல்லை. வலது கை விரல்கள் ஒருமுறை வெட்டி இழுக்கின்றன. வலிப்புக்கு முன் எப்போதும் அவைதான் துள்ளும். கிண்ணம் சரிந்து பட்டாணி தரையெங்கும் ஓடுகிறது. அம்மா அலறிக்கொண்டு ஓடிவருகிறாள். “குதிரைப்பா,” என்கிறாள் அக்கா, நாக்கு இன்னும் தன் வசம் இருக்கும்போதே. “குதிரையக் குறுக்க வைங்க.”