சத்தம் போடாத ஜீப்

"கழட்டுங்க! என் ஜீப்புக்குப் பழைய ஆர்மையே மாட்டுங்க!" லிட்வினா போட்ட கூச்சலில் தம்புனான் கடைத்தெருவில் பாதி, பட்டறை வாசலில் கூடிவிட்டது.

ஜூலிப்புக்கு ரோஷம் வந்தது. பக்கத்து ஊர் ரானாவிலிருந்து வந்து புதிதாகப் பட்டறை போட்டவன். காட்டுப் பாதைக்கென்றே தடித்த குழாயை அளந்து வெட்டி, சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்களைத் தன் கையால் பற்றவைத்து, சத்தத்தை விழுங்கும் ரப்பர் புஷ் போட்டுக் கொடுத்திருந்தான்.

"என்னம்மா குறை? பள்ளத்துல விட்டாலும் சத்தமே வராது!"

"அதான் குறை. பழையபடி லொடலொடன்னு சத்தம் வரணும்."

"சத்தம் வேணும்னு சண்டைக்கு வர்ற ஆளை இப்பத்தான் பாக்குறேன். புருஷனை வரச்சொல்லுங்க, அவர்கிட்ட பேசிக்கிறேன்."

கூட்டத்தில் ஒருத்தர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பாவம், புது ஆள்; யாரிடமும் விசாரித்திருக்கவில்லை.

"என் புருஷன் லாசிமை ஆத்து வெள்ளம் கொண்டுபோயிருச்சு," என்றாள் லிட்வினா. "மாமியாருக்குக் கண்ணு தெரியாது, நினைவும் தப்பிப்போச்சு. சாயங்காலம் நான் ஜீப்புல மேடு ஏறுற சத்தம் கேட்டாத்தான், மகன் வந்துட்டான்னு சோறு திம்பாங்க. நீங்க மாட்டிவிட்டதுலேர்ந்து பட்டினி."

ஜூலிப் ரப்பரை உருவிவிட்டு, இரும்போடு இரும்பு உரசும் வளையங்களை மாட்டினான்.

சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க அடிக்கடி மேடேறிப் போனவன், அறுவடைத் திருநாள் கழிந்ததும் அவளையே கட்டிக்கொண்டு மேட்டு வீட்டுக்கே குடிபோய்விட்டான். "வந்துட்டியா லாசிம்?" என்று கிழவி கேட்டால், "வந்துட்டேம்மா" என்கிறான். அந்த வீட்டில் அவனை ஜூலிப் என்று கூப்பிடுவது லிட்வினா ஒருத்திதான். அவளுக்கும் சில நாள் வாய் தவறிப் பேர் மாறிவிடுகிறது.