வெளி அடுப்பு

ஆவடி பேக்கரியில் வனஜா நிலைகொள்ளாமல் தவித்தாள். சாக்லேட்டை உடைத்துப் போட்டு அவள் பிசைந்து தந்த பிஸ்கட் மாவு உள்ளே வெந்துகொண்டிருந்தது.

“இன்னும் எவ்வளவு நேரம்ணே? மாமியார் பார்த்தா தொலைஞ்சேன்.”

“தீபாவளிக்குப் பலகாரம் செஞ்சா தப்பா இன்னா?” என்றார் பேக்கரிக்காரர் துலுக்கானம்.

“மாமனார் தவறின வருஷமாச்சே. வீட்ல எண்ணெய்ச் சட்டியே வைக்கக் கூடாதுன்னு அத்தை கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. பிள்ளை ஏங்கிப் போயிட்டான். வெளி அடுப்புன்னா பரவாயில்லன்னு இங்க வந்தேன்.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்த வனஜா, சட்டென்று மைதா மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினாள்.

மாமியார் பார்வதம் உள்ளே வந்து துலுக்கானத்திடம் கிசுகிசுத்தாள்.

“காலையில நான் குடுத்த பிஸ்கட் மாவு வெந்துடுச்சாப்பா? பேரனுக்குத்தான். சீக்கிரம் குடு, மருமக பார்த்தா தொலைஞ்சேன்.”